பொருளின் பெயர்

இடைவேளை வரமுன்னமே மூன்று பிழை.

கதாநாயகன் கணுக்காலில் கட்டியிருப்பது
கமாண்டோ கத்தியாம்.
அது சுழியோடியின் கத்தி.
மஞ்சள் றப்பர் பிடி, முனை தட்டை,
முதுகில் வலைநூல் அறுக்க ஒரு கொக்கிவாய்.
அந்த முனையால் பழுத்த பப்பாசியைக்கூடக் குத்தேலாது.
வில்லனோ வயிற்றைப் பொத்திக்கொண்டு
மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறான்.

"வாயை மூடிக்கொண்டு பாரும்" என்கிறார் கிருபைராஜா,
கச்சான் சரையை என் பக்கம் தள்ளியபடி.

மூடுகிறேன். நாலு நிமிஷம்.
இன்ஸ்பெக்டர் ஒரு பையை விரல் நுனியில் தூக்குகிறார்:
"கசாப்புக் கத்தி சார், ஒன்பது அங்குலம்!"
உள்ளே இருப்பது பாண் வெட்டுகிற கத்தி,
பல்லுப் பல்லாய்த் தெரிகிறது.
அதுவும் பொலித்தீன் பை.
காயாத இரத்தம் பொலித்தீனுக்குள் பூஞ்சணம் பிடிக்கும்;
கடதாசி உறை வேண்டும், அரக்கு வேண்டும்,
அரக்கின் மேல் முத்திரை,
பக்கத்தில் பயந்த ஒருவரின் கையொப்பம்.

பத்தொன்பது வருஷம் திருகோணமலை நீதிமன்றத்தில்
வழக்குப் பொருள் அறையின் திறப்பு என் இடுப்பில்.
துறைமுகத்து உப்புக்காற்று யன்னலால் வந்து
எல்லா இரும்பையும் ஒரே நிறமாக்கும் அறை.
மன்னாக் கத்தி, கிறிஸ் கத்தி, சத்தகம்,
சைக்கிள் கம்பியைத் தீட்டிச் செய்த ஏதோ ஒன்று:
இருட்டில் தடவியே பெயர் சொல்வேன்.

சேர்ந்து மூன்றாம் மாதம்.
பாலம் இல்லாத காலம்; கிண்ணியாப் பாதையால் வந்து
இறங்கின இடத்திலேயே பிடிபட்டார் நசுறுதீன்.
கடலட்டைக்கு முங்குகிறவர்.
கெண்டைக்காலில் இதே மஞ்சள் பிடி.

சார்ஜன் சிங்களத்தில் எழுதியதைப்
பதிவேட்டில் தமிழாக்கியது நான்.
"இராணுவப் பாவனைக்குரிய கத்தி, ஒன்று."
பொருளை மேசையில் வைத்துப் பார்த்தேன்.
முனை தட்டை. பார்த்தேன்.
கொக்கிவாயில் பச்சை நைலோன் நூல் ஒரு துண்டு
சிக்கிக் கிடந்தது. அதையும் பார்த்தேன்.
பெயர் வைப்பது உன் வேலையில்லை,
இருப்பதை எழுது என்று சொல்லியிருந்தார்கள்.
வடிவாக எழுதினேன்.
என் கையெழுத்தை நீதவானே மெச்சியிருக்கிறார்.

பதினொரு மாதம் விளக்கமறியல்.

விட்ட பிறகு ஒரு திங்கட்கிழமை
கத்தியைத் திருப்பிக் கேட்டு வந்தார்.
கையொப்பம் வைக்கிற இடத்தில் குனிந்தவர்
மேல்வரியை விரல் வைத்து வாசித்தார்.
பேனையை மூடி என் பக்கம் வைத்தார்.
"இதில எழுதிக் கிடக்கிறது
எண்ட சாமான் இல்ல, புள்ள."

கோபமாகச் சொல்லியிருந்தால்
நானும் கோபப்பட்டிருப்பேன்.

உரிமை கோராத பொருட்களோடு
அதையும் ஒருநாள் லொறியில் ஏற்றி
வள்ளத்துக்கு மாற்றி, ஆழத்தில் கொட்டினார்கள்.
கடலுக்கே போனது.
அழிப்புப் பட்டியலில் அப்போதும் அதே பெயர்,
அதே வடிவான எழுத்து.

பிறகுதான் தொடங்கியது இந்த வியாதி.
யார் படத்தில் என்ன கத்தி எடுத்தாலும்
வாய் தானாகத் திருத்தும்.
கலியாண வீட்டு வீடியோவில்
கேக் வெட்டும் கத்தியைக்கூட விட்டதில்லை.

திரையில் இப்போது துறைமுகம்,
எந்த ஊரோ, தண்ணீர் நீலம் கூடிப்போனது.
கதாநாயகன் துவக்கை நீட்டுகிறான்.
கிருபைராஜா என்னைத் திரும்பிப் பார்க்கிறார்;
மௌனம் அவருக்கும் பழக்கமில்லை.

"என்ன சத்தத்தைக் காணேல்ல? அது சரியான துவக்கோ?"

"துவக்குகள் வேற அறை" என்கிறேன்.
கச்சான் முடிந்துபோயிருக்கிறது.