விலாங்குப் பருவம்

அல்சீத் பெரூபேக்கு ரயில் சீட்டுக் கிழித்தவன் நான்தான்.
எங்கள் நிலையத்தில் சீட்டும் நானே, தந்தியும் நானே.
கையில் ஒரு துணிமூட்டை. சட்டையில்
புகைபோட்ட விலாங்கின் வாடை.
திரும்பி வரவும் சேர்த்துத் தரட்டுமா என்றேன்.
"அதை ராஜா கொடுப்பாராம்."

பிப்ரவரியில் பனி உடைந்து
குதிரை ஆற்றுக்குள் போயிருந்தது.
கடன் மட்டும் மிதந்தது.
பட்டாளத்தில் நாளுக்கு ஒரு டாலர் பத்து சென்ட்.
இதற்கு மேலும் காரணம் தேடிய ஊர்
தேவாலய வாசலில் நின்று பேசியது:
பாம்புக்குத் தலை, மீனுக்கு வால்,
இங்கிலீஷ்காரனுக்கு எதைக் காட்டப்போகிறது
இந்த விலாங்கு?

முகாமில் அவனைப் பெரூபி என்று எழுதினார்கள்.
சம்பளப் புத்தகத்தில் பாருபே.
"எந்தப் பெயரில் கூப்பிட்டாலும்
சேற்றில்தான் நிற்கிறேன்" என்று
மனைவி எக்ஸில்டாவுக்கு எழுதினான்.
"நம் ஆற்றுச் சேறு மாதிரி இல்லை இது.
ஓதம் ஏறாது, வற்றாது.
எதையும் பிடித்துத் தராது."

அக்டோபர்.
கருவி தட்டத் தொடங்கியபோது
நான் சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.
காதுக்கு முதலில் தெரிந்தது,
பிறகு கைக்கு,
கடைசியில் எனக்கு.
பெயரை மட்டும் திருத்தி எழுதினேன்.
விதிப்படி அது குற்றம்.

ஓதம் வற்றியிருந்தது. முழங்காலளவு சேற்றில்
பின்னிய மிலாறுகளுக்கு நடுவே அவள்.
தாள் முழுக்க இங்கிலீஷ்.
மொழிபெயர்க்க வாய் திறந்தேன்,
கையை உயர்த்தி நிறுத்தினாள்.
ஈரவிரல் வரியின்மேல் ஊர்ந்து
பூட்டிய கதவுகளாகத் தொட்டுத் தொட்டுப் போய்
ஒன்றில் நின்றது.
"ரெக்ரே. இது நம்ம சொல்."

ஆமாம்.
வருத்தம். இரண்டு மொழிக்கும் அதே எழுத்துகள்.
கடைசி எழுத்தை அவர்கள் உச்சரிப்பார்கள்,
நாம் விழுங்கிவிடுவோம்.

ஓதம் ஏறுகிறது, கூடையை ஒரு கை பிடியுங்கள் என்றாள்.
பிடித்தேன்.
உள்ளே நாற்பதோ ஐம்பதோ,
தலை எது வால் எது என்று தெரியாமல்
புரண்டுகொண்டிருந்தன.

கிறிஸ்துமஸ் கழிந்து
கூட இருந்த லூட்ஜேரிடமிருந்து நாலு வரி:
சுடும்போது இல்லை, சுடப்படும்போதும் இல்லை,
இருட்டில் எங்களுக்கு ரொட்டி சுமந்து வந்தான், குண்டு விழுந்தது.
மூட்டை நனையவில்லை. எங்களுக்கு இரண்டு நாள் பட்டினி.
சாப்பிட்டோம். மன்னியுங்கள்.

இதில் எல்லாச் சொல்லும் நம்முடையவை.
நிலையத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்தாள்.
அவள் முடிப்பதற்குள்
மாண்ட்ரியால் வண்டி
வந்து, நின்று,
போய்விட்டது.