பாதிச் சாட்சி

சல்மாபாத்தில் வெள்ளிக்கிழமைதான் ஞாயிறு.
ஒன்பதரைக்குச் சாட்சி நேரம்.
விசா கிடைத்தவர் எழும்பினார்.
சிறுநீரகக் கல் கரைந்தவர்
ஸ்கேன் படத்தைச் சட்டைப்பையில் தட்டிக்கொண்டே எழும்பினார்.
நர்ஸ் வேலை உறுதியான தங்கச்சி
அழுதுகொண்டே சொல்லி முடித்தாள்.
இங்கே எல்லாச் சாட்சிக்கும் வால் உண்டு.
"ஆனால் கர்த்தர்..." என்று கதை திரும்புகிற இடத்தில்
சபை முன்கூட்டியே கையை விரித்துக்கொள்ளும்.

என் பெயர் தங்கசிங். ஏசி மெக்கானிக்.
சாயர்புரம் பக்கம்.
எனக்குத் திரும்புகிற இடம் இன்னும் வரவில்லை.
ஆனாலும் எழும்பிவிட்டேன்.
கால் என்னைக் கேட்கவில்லை.

ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை என்றேன்.
முதலாளி போனை எடுப்பதில்லை.
அவர் மேஜை டிராயரில் எங்கள் இருபத்தொரு பாஸ்போர்ட்டும்
ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படுத்திருக்கின்றன,
கேம்ப் கட்டில்களில் எங்களைப் போலவே.
ஊரையெல்லாம் குளிர்வித்தவன் அறையில்
கரண்ட் வெட்டிவிட்டார்கள்.
ஆகஸ்ட். ராத்திரிக் காற்று
ஈரத் துண்டை முகத்தில் போட்டு அழுத்துகிறது.

பக்கத்துக் கட்டிடத்து ஏசியின் வடிகுழாய்க்குக் கீழே
ஒரு பெயின்ட் வாளி வைத்தேன்.
விடிவதற்குள் நிறையும். அதில் துவைக்கிறோம்.
கன்மலை பிளந்து வந்த தண்ணீர் என்று சொல்ல மாட்டேன்.
அது என்ன தண்ணீரென்று எனக்குத் தெரியும், என் தொழில் அது.
ஆனாலும் முதல் வாளி நிறைந்த காலையில்
ஸ்தோத்திரம் என்றேன்.
இந்தச் சட்டை அதில் துவைத்ததுதான், பாஸ்டர்.

ஜூன் பதினாலில் அப்பாவை அடக்கம் பண்ணினார்கள்.
பொன்மலர் போனைப் பிடித்திருந்தாள்.
அண்ணன் மண்ணை அள்ளிக் கையை ஓங்கினபோது
படம் நின்றுவிட்டது.
மண் விழவில்லை. கை இறங்கவில்லை.
அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் வாயில்
வந்தது அந்த வார்த்தை: ஸ்தோத்திரம்.
பழக்கதோஷம். தும்மினால்கூடச் சொல்கிற வாய்.
அதை அறைந்துவிடலாம் போலிருந்தது.
எதற்கு ஸ்தோத்திரம்?
அன்று நான் கர்த்தரோடு பேசவில்லை. மறுநாளும் இல்லை.
ஒன்பது நாள் பேசவில்லை என்று சொன்னபோது
முன்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பத்தாம் நாள் ஷஃபிகுல்,
மேல்கட்டில், சில்ஹெட்காரன்,
தன் குபூஸைப் பிய்த்துப் பெரிய பாதியை
என் தலையணைமேல் வைத்துவிட்டுத் தொழப் போனான்.
மென்றேன். நன்றி சொல்ல வேண்டியிருந்தது.
அவனும் அங்கே இல்லை.
வாயில் வேறு வார்த்தையும் இல்லை.

ஓடுகிற கம்ப்ரசர் திடீரென நின்றால்
உடனே ஸ்விட்சைத் தட்டக் கூடாது.
மூன்று நிமிஷம்.
உள்ளே அழுத்தம் சமமாகட்டும்.
அந்த மூன்று நிமிஷமும் வீட்டுக்காரர் திட்டுவார்,
செத்துப்போச்சா என்பார்.
சாகவில்லை, பொறுங்கள் என்பேன்.
காது வைத்தால் ஒன்றும் கேட்காது.
எப்படித் தெரியும் என்று கேட்டால்
கை நீட்டிக் காட்டவும் ஒன்றும் இருக்காது.
எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த மூன்று நிமிஷத்தில் நிற்கிறேன் என்றேன்.
ஸ்தோத்திரம் என்றேன்.
உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் கைதட்டவில்லை.
முடிந்ததா என்று அவர்களுக்குப் புரியவில்லை.
பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
கடைசி பெஞ்சில், வேலைக்கார வீட்டுச் சீருடையைக்கூட மாற்றாமல்
ஓடி வந்திருந்த ஒரு பெண்
முக்காட்டுக்குள்ளிருந்து, யாருக்கோ சொல்வதுபோல,
ஸ்தோத்திரம் என்றாள்.
அவளிடமும் வால் முளைக்காத கதை ஒன்று இருக்க வேண்டும்.

வெளியே பஸ் இல்லை.
கேம்ப் நாலு கிலோமீட்டர்.
வாளி இந்நேரம்
வழிந்துகொண்டிருக்கும்.