ஆப்பு

அங்குட் துறைமுகத் தெருவில்
மீன் சந்தைக்கு இரண்டு கதவு தள்ளி
கருவிகள் வாடகைக்கு விடும் கடை என்னுடையது.
சிலோயே தீவில் மழை ஓய்வது அபூர்வம்.
ஓய்ந்த அன்றைக்கு எல்லோருக்கும் கூரை ஞாபகம் வரும்.
வெள்ளிக்கிழமை மாலை வரிசை
வாசலைத் தாண்டி நிற்கும்.

போகும்போது எல்லா இயந்திரமும் ஊமை.
திரும்பி வரும்போதுதான் வாய் திறக்கும்.

விசைமேல் டேப் ஒட்டிய பசை:
விரல் வலிக்கிறதென்று யாரோ
நிறுத்தும் வழியையே கட்டிப்போட்டிருக்கிறார்.
பிளக்கில் நடுமுள் இல்லை:
சுவரில் இரண்டு துளைதான் இருந்திருக்கும்.
துளையிடும் இயந்திரத்தின் கழுத்தில்
சுற்றிக்கொண்ட சிவப்புக் கம்பளி நூல்.
கையுறையா, சால்வையா, கேட்பதில்லை.
பிரித்தெடுத்து நீளம் பார்ப்பேன்.
ஒரு சாண்.
ஒரு சாணோடு அறுந்திருக்கிறது,
நல்ல நூல் இல்லை,
நல்லவேளை.

இன்று திங்கள். நிபால்டோ கார்க்கமோ
வட்ட ரம்பத்தை மேசைமேல் வைத்தார்.
அடிக்கவசம் மேலே தூக்கியபடி.
பல் முழுக்க வெளியே.
இடுக்கில் ஒரு மரத்துண்டு,
அளவெடுத்துச் சீவியது.
எடுக்க மறந்துவிட்டார்.

"வழியை மறைக்குது எடெல்மிரா,
கோடே தெரியல."
பத்து விரலையும் மேசைமேல் விரித்தார்,
சீட்டாட்டத்தில் ஜெயித்தவர் மாதிரி.
"பாரேன், ஒண்ணும் ஆகல."

ஆப்பை உருவினேன்.
டக்.
கண் இமை மூடுவதுபோல் மூடியது கவசம்.

என்னிடம் ஒரு காப்பித்தூள் டப்பா உண்டு.
இருபத்துமூன்று ஆப்புகள் அதில்.
சைப்பிரஸ், பென்சில் துண்டு,
மடித்த பஸ் டிக்கெட், ஒரு கோழி எலும்பு.
ஒவ்வொன்றும் ஒரு "ஒண்ணும் ஆகல".

அடியில் கிடக்கும் கறுத்தது என்னுடையது.

சமையலறைக்குத் தளம் போட்ட வருஷம்.
ஹெரால்டோவுக்கு மீன் பண்ணையில் இரவு வேலை.
நாற்பத்தொரு பலகை, தனியாக,
இந்த ஆப்பை வைத்தே அறுத்தேன்.
ஒன்றும் ஆகவில்லை.
அன்றிரவு சூப் வைத்துக் குடித்தேன்,
கடலைப் பார்த்துப் பாடக்கூடச் செய்தேன்.
அந்த "ஒன்றும் ஆகவில்லை"யைப் போல்
எனக்குப் பொய் சொல்லிக்கொடுத்த வாத்தியார் வேறில்லை.
ஆறு மாதம் அவரிடமே படித்தேன்.

பிறகொரு மாலை
அறுத்து முடித்து ரம்பத்தைத் தரையில் வைத்தேன்.
விசையை விட்டாயிற்று.
வட்டு மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
மூட வேண்டிய இமை மூடவில்லை.
பல் பலகையைக் கவ்வி
தானாகவே ஓடியது ரம்பம்,
நாயை அவிழ்த்து விட்டாற்போல,
நான் போட்ட அந்தப் புதுத் தளத்தின் மேலேயே
நாற்காலிக் காலைத் தாண்டி
கதவோரம் கழற்றி வைத்திருந்த ரப்பர் பூட்ஸின்
நுனியைத் தின்றுவிட்டு நின்றது.

பூட்ஸுக்குள் கால் இல்லை.
நாலு மணிக்கு இருந்தது.

தளத்தில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.
பாய் போட்டு மறைக்கவில்லை.
தனக்குத் தானே ஆப்பு என்பார்களே,
அதன் நீளம் இரண்டரை அடி.

இதையெல்லாம் நிபால்டோவிடம் சொல்லவில்லை.
வரிசையில் ஏழு பேர்.
அவர் ஆப்பைத் திருப்பிக் கேட்டார்:
"நல்லா இழைச்சது, குடு."
ரசீதுப் புத்தகத்தை எடுத்து எழுதினேன்:
ஆப்பு, ஒன்று. கடை வைத்துக்கொண்டது.
கையெழுத்துப் போடச் சொன்னேன்.
சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்,
கார்க்கமோவில் பாதிக்கு வந்தபோது
சிரிப்பு நின்றிருந்தது.
விரல்களை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

இருபத்துநான்கு.

பிளக் சுவரில் இல்லை என்று பார்த்துவிட்டு
கவசத்தைத் தூக்கி விட்டேன். டக்.
இன்னொருமுறை. டக்.
வெளியே மறுபடி தூறல்.
அடுத்தவர் உள்ளே வந்தார், புதுமுகம்,
கிரைண்டர் வேண்டுமாம்,
மழைக்கோட்டின் கழுத்திலிருந்து
இரண்டு கயிறும் இடுப்புவரை தொங்கின.

"தரேன்," என்றேன்.
"முதல்ல அந்தக் கயித்த
உள்ள விடுங்க."