நாலு மீட்டர் ஐந்து

இரண்டாயிரத்து முந்நூறு யூரோ.
அதில் எண்ணூறு வெல்டிங்குக்கு,
இருநூறு நான் இன்னும் கண்டுபிடிக்காத ஓட்டைகளுக்கு
என்று மாவு மூட்டை ரசீதின் பின்னால் எழுதினேன்.
கோவொலா நகரில், இரவு பேக்கரியில்,
ரை ரொட்டி வேகும் நேரம்தான்
நான் கணக்குப் பார்க்கும் நேரம்.

முதலில் பார்த்தது ஒரு சாப்.
எழுபத்தொன்றாம் வருடத்துப் பச்சை,
பனி உருகியதும் பாறையில் தெரியுமே, அந்தப் பாசி.
சாவி திருப்பியதும் செருமிக்கொண்டு
பேச ஆரம்பித்தது எஞ்சின்.
"ஓட்டிக்கொண்டே போகலாம்" என்றார் ஓஸ்மோ.
மகனின் காலுறைக்குள் போட்டுக் கொண்டுபோன காந்தத்தைச்
சக்கர வளைவில் வைத்தேன்.
ஒட்டவில்லை. பனியில் விழுந்தது.
அங்கே இரும்பே இல்லை, பட்டி.
பட்டிக்கு மேல் பெயிண்ட்.
பெயிண்டுக்கு மேல் ஓஸ்மோவின் புன்னகை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலைக்கு உப்பிடுகிறார்கள்,
தகரம் மறப்பதே இல்லை.

ஆனாலும் ஒரு வாரம்
அந்தப் பச்சைக்குள் உட்கார்ந்தே மாவு பிசைந்தேன்.
பட்டியென்ன, சுரண்டிவிடலாம்.
வளைவென்ன, வாங்கிவிடலாம்.
பணமென்ன... அந்த இடம் வந்ததும்
அடுப்பு மணி அடித்துவிடும்.

ஹமினாவில் ஒரு வோக்ஸ்வாகன்.
ஐயாயிரத்து ஐந்நூறு.
பார்க்கக் காசில்லையே என்று பார்த்தேன்.
கைகளைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

மூன்றாவது எலிமாகியில், வைக்கோல் கொட்டகைக்குள்.
டாட்சன் நூறு ஏ, எழுபத்து நாலு.
கடுகு நிறம் என்றார்கள்.
தூசியைத் துடைத்த இடத்தில் மட்டும் கடுகு.
விற்கும் ஐனோ-காய்சா மருத்துவமனையில் நர்ஸ்.
கதவைத் திறக்கும் முன்பே
நோயாளியின் சீட்டைப் படிப்பதுபோல் சொன்னாள்:
"இடது அடிச்சட்டம் போய்விட்டது.
பிரேக் இறுகிவிட்டது.
எஞ்சின் கையால் சுற்றினால் சுற்றும், உயிர்ப்பித்துப் பார்த்ததில்லை.
ஓட்டுநர் காலடியில் தரை கிடையாது,
அண்ணன் ஏதோ பலகையை ரிவெட் அடித்திருக்கிறான்.
ஹீட்டர் நன்றாக இருந்தது, கடைசியாகப் பார்த்தபோது."

திருப்புளியால் குத்திப் பார்த்தேன்.
அவள் சொன்ன இடத்தில் உள்ளே போனது,
சொல்லாத இடத்தில் போகவில்லை.
மறுபடி குத்தினேன். போகவில்லை.
பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய உதிரிகள்:
இரண்டு கார்புரேட்டர், ஒரு கதவு,
எதற்கென்று தெரியாத பதினோரு நட்டுகள்.

"ஏன் விற்கிறாய்?"
"ஆடு வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை வருகின்றன."

தொள்ளாயிரம் கேட்டாள்.
ஆடுகளை நினைத்து எண்ணூற்றைம்பது என்றேன்.
அவளும் ஆடுகளைத்தான் நினைத்திருப்பாள். சரி என்றாள்.

நேர்மையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்று
பேக்கரியில் சொல்லிக்கொள்கிறேன்.
உண்மை வேறு.
முந்தின நாள்தான் டேப்பை எடுத்துக்கொண்டு போய்
மாதம் அறுபத்தைந்து யூரோவுக்குப் பிடித்த ஷெட்டை அளந்தேன்.
உள்ளே நாலு மீட்டர் ஐந்து.
சாப் நாலு மீட்டர் இருபது.
பதினைந்து சென்டிமீட்டர்,
ஒரு ரொட்டியின் அகலம்.
தரையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டாட்சனை வைத்துக் கதவைச் சாத்தினால்
இருபத்தாறு சென்டிமீட்டர் மிச்சம்.
பக்கவாட்டில் நின்றால் நான் இருக்கலாம்,
மூச்சு விடலாம்,
ஸ்பானர் கீழே விழுந்தால் மட்டும்
வெளியே போய்த்தான் குனிய வேண்டும்.

பிரேக் ரப்பர் ஏழு யூரோ,
ஜப்பானிலிருந்து அது வந்துசேர முப்பத்தொன்று.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.
ரசீதின் பின்பக்கம் நிரம்பிவிட்டது,
இன்னொரு ரசீதை ஒட்டியிருக்கிறேன்.

ஞாயிறன்று ஏலிஸ் மிதியடியை உரித்தான்.
அண்ணன் அடித்த பலகை சாலையோரத்து வேகப் பலகை,
தலைகீழாக அறுபது.
"அறுபதில் போகுமா அம்மா?"
"முதலில் ஒன்றில் போகட்டும்."

நேற்று ஓஸ்மோ
சாப் விலையில் இருநூறு குறைத்திருக்கிறார்.
மகன் தூங்கியதும் டேப்பை எடுத்துக்கொண்டு போய்
ஷெட்டை மறுபடி அளந்தேன்.

நாலு மீட்டர் ஐந்து.