மூன்றடிச் சந்து

கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு
எங்கள் வடக்குச் சுவரை நாங்கள் பார்த்ததில்லை.
பத்திரத்தில் அது எங்களுடையது.
வங்கிக் கடனில் எங்களுடையது.
முகம் மட்டும்
அஞ்சுகத்தின் சமையலறைப் பக்கம்.

நடுவில் மூன்றடிச் சந்து.
சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போன நாளிலிருந்து
இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

சித்திரை பிறந்தால் ஒரு வாரம்
உச்சி வெயில் நெட்டுக்குத்தாய் உள்ளே இறங்கும்.
அந்தச் சுவருக்குப் பெரும்பாலும் அவ்வளவுதான் வெயில்.
மற்றபடி புங்கமரத்து நிழல்,
வாய்க்கால் ஈரம்,
குத்தாலத்துக்கென்று ஒரு தனிப் பிசுபிசுப்பு.

ஐப்பசியில் உள்பக்கம் பூத்தது.
பீரோவுக்குப் பின்னால், வெள்ளையாய், பஞ்சு பஞ்சாய்.
தையல்நாயகி விரலில் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
"உப்பு."
குழம்புக்குச் சொல்கிற அதே குரலில்.

பெயின்ட் கடையில் எட்டு அட்டை விரித்தார்கள்.
ஒன்றில் ஏழு வருட உத்தரவாதம்,
அதன் அடியில் எறும்பு எழுத்தில்:
காய்ந்த சுவருக்கு மட்டும்.
காய்ந்த சுவர் இருந்தால்
நான் ஏன் அய்யா உங்கள் கடைக்கு வருகிறேன்?

மைத்துனன் டைல்ஸ் என்றான், கழுவிவிட்டால் போச்சாம்.
டைல்ஸுக்குப் பின்னால் யார் போய்க் கழுவுவது?
பிளாஸ்டிக் பலகை என்றார் பக்கத்து மேசைக்காரர்.
பல்லி குடித்தனம் பண்ணும் என்று
தையல்நாயகி அதையும் முடித்தாள்.

கொத்தனார் உத்திராபதி ஐந்து ரூபாய்க் காசால்
சுவரைத் தட்டிக்கொண்டே போனார்,
வைத்தியர் நெஞ்சைத் தட்டுவதுபோல.
"இங்க பிடிப்பு விட்டுருக்கு.
புட்டி கிட்டி வச்சு மூடிராதீங்க சார், சுவர் மூச்சு விடணும்.
தண்ணி எங்கேருந்து வருதுன்னு
அந்தப் பக்கம் போயித்தான் பாக்கணும்."

அந்தப் பக்கம்.

வாசலிலிருந்து வாசலுக்கு ஒன்பது தப்படி.
நான்கு வருடம் ஆனது நடக்க.

அஞ்சுகம் கதவைத் திறந்தாள்.
வாங்க என்று சொல்லவில்லை.
"ஏசித் தண்ணிக்கா?" என்றாள்.

எங்கள் ஏசிதான்.
எங்கள் குழாய்தான், சுவரை விட்டு ஒரு சாண்கூட நீளாமல்
எங்கள் சுவரிலேயே வடித்துக்கொண்டிருந்தது.
கீழே பழைய பெயின்ட் டப்பா.
நிறைந்தால் எடுத்துக் கொட்டுவாளாம்.
"அஸ்திவாரத்துல எறங்குமே" என்றாள்.
எந்த வீட்டு அஸ்திவாரம் என்று
நான் கேட்கவில்லை.

முதல் தடவையாகப் பார்த்தேன்.
இடுப்பு வரை பச்சை, மேலே கருப்பு,
விரிசலில் மூன்று இலையோடு ஓர் அரசங்கன்று.
போன வருடம் கிள்ளினாளாம், திரும்ப முளைத்ததாம்.

குழாயை நீட்டி வடிகாலில் விட்டோம்.
கன்றை வேரோடு.
பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ்,
முழங்கால் உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்தது,
சன்ஷேடு அடியில் நீர் திரும்பி ஓடாமலிருக்க
விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு.
பிறகு ஒன்றும் செய்யாமல் இருந்தது.
அதுதான் கஷ்டம்.
தை, மாசி, பங்குனி, செங்கல் பல்லிளித்தபடி.
விருந்தாளிக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

சித்திரை வெயில் இறங்கிய அன்று
சுண்ணாம்பு கரைத்தார் உத்திராபதி.
"கலர் என்ன சார்?"
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
தினமும் பார்க்கிறவள் அவள்தானே.

"வெள்ளை" என்றாள் கம்பிக்குள்ளிருந்து.
"பகல்லயே லைட்டப் போட்டுச் சமைக்கிறேன்."
"வெள்ளையில பாசி பளிச்சுன்னு தெரியும்மா."
"தெரிஞ்சாத்தானே சொல்லுவேன்."

வழக்கு இன்னும் மயிலாடுதுறையில் நடக்கிறது.
வாய்தா அன்று அவள் அந்தப் பெஞ்சு, நாங்கள் இந்தப் பெஞ்சு.

ஆவணியில் ஒரு ராத்திரி மழைக்குப் பின்,
பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்று
சுவருக்கு அப்பாலிருந்து குரல்:
"சன்ஷேடு ஓரத்துல ஒரு சொட்டு.
காலையில பாருங்க."