அங்க அடையாளம்

கண்ணாடிக் கடைப் பலகையில்
மூக்குக்கண்ணாடிப் படத்துக்குக் கீழே
போன மாசம் ஒரு வரி சேர்த்தேன்:
‘சிறு மரு, பாலுண்ணி அகற்றப்படும்.
இரண்டாம் சனி, நாலாம் சனி.’
பெயிண்டர் முதலில் ‘அகட்டப்படும்’ என்று எழுதி
அழித்துத் திருத்திக் கொடுத்தான்.

முக்கூடல் கடைத்தெருவில்
யார் வாசிப்பார்கள் என்றுதான் இருந்தேன்.
எழுத்து தெரியலை என்று வருகிறவர்கள்தானே
என் வாடிக்கை.

பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறார்
தோல் டாக்டர் அருள்ஜோதி.
ஒரு டிபன் டப்பா, ஒரு கரண்டு ஊசி.
கண் பார்க்கும் நாற்காலியையே சாய்த்துப் போடுகிறேன்.
விளக்கு பிடிப்பது நான்.

பாதிப்பேர் பீடி சுற்றுகிறவர்கள்.
குனிந்தே இருந்த கழுத்தில்
சங்கிலி உரசும் இடமெல்லாம்
மிளகு தூவினாற்போல் இருக்கும்.

ஆலங்குளத்துக்காரர் ஒருவருக்குக்
கீழிமை ஓரத்தில் முத்துப்போல ஒன்று.
அவ்விடத்தில் மட்டும் இமைமுடி இல்லை.
டாக்டர் ஊசியைத் தொடவில்லை.
“ஹைகிரவுண்டுக்குப் போங்க. திங்கக்கிழமையே போங்க.”
“போர்டுல போட்டிருக்குல்லா?” என்று
என்னிடம் சண்டைக்கு வந்தார்.
அப்புறம் ரெண்டு தரம் போன் அடித்தேன்.
எடுக்கவில்லை.

முப்பிடாதிக்கு மூக்கின் இடப்பக்கம்,
கண்ணாடியின் கால் வந்து உட்காரும்
அதே இடத்தில்.
மூன்று ஃபிரேம் மாற்றிப் பார்த்தேன்,
மூன்றும் அச்சு முறிந்த வண்டியாய்ச் சாய்ந்தன.
உப்பும் மிளகும் தெப்பத்தில் போட்டாளாம்.
“உப்பு கரைஞ்சிட்டு. இது கரையல.”

மரத்துப்போக மருந்து போட்டு
ஊசி கிட்டே வரும்போது
“எக்கா, நில்லுங்க” என்றாள்.
எட்டாம் வகுப்புச் சர்ட்டிபிகேட்டில்
மூக்கின் இடதுபுறம் ஒரு மரு என்று
எழுதியிருக்காம்.
பி.எஃப். தாளிலும் அதுதானாம்.
“நாளைக்குப் பணம் வாங்கப் போனா
நாந்தான் முப்பிடாதின்னு எவன் நம்புவான்?”

டாக்டர் சிரிக்கவில்லை.
கையைத் திருப்பிப் பார்த்தார்.
பெருவிரலோரம் இலை வெட்டும் கத்தரி
கீறிய தழும்பு.
“இதைச் சொல்லலாமே.”
“அது எங்க தெருவுல எல்லாருக்கும் உண்டு, சார்.”

விளக்கை நெற்றிக்கு, தாடைக்கு,
பிடரிக்குக் கொண்டுபோனேன்.
வெளியே பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள்.
வலது காதின் பின்னால், மயிர்க்கால் விளிம்பில்,
எள்ளளவு மச்சம்.

போனில் படம் எடுத்துக் கொடுத்தேன்.
கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்தாள்.
இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.
“இது நானா?”
நாற்பத்தாறு வருஷமாய்ப் பின்னாலேயே வந்த ஒன்றை
முன்னால் வைத்துப் பார்த்தாள், மங்கலாக.
“சரி, எடுங்க.”

பஞ்சில் ஒட்டியிருந்தது
அரை மிளகு இருக்காது.

பதினோராம் நாள் வந்தாள்.
பக்கு உதிர்ந்த இடம் இளஞ்சிவப்பாய் இருந்தது.
ஃபிரேம் மட்டமாய் உட்கார்ந்தது.
வாசலில் இறங்கி நின்று
எதிர்க்கடை உரமூட்டை எழுத்தை, பஸ்ஸின் ஊரை,
மேலே என் பலகையை
ஒவ்வொன்றாய் வாய்விட்டு வாசித்தவள் திரும்பினாள்.
“எக்கா, அடியில
‘அகட்ட’ன்னு தெரியுதே.”