ஒன்பதாம் கேள்வி

மொங்கு நகரில் எல்லாவற்றுக்குள்ளும் மணல்.
செருப்புக்குள், சோற்றுக்குள்,
சார்ஜர் நுழையும் சின்ன வாய்க்குள்.
நமாகாவு ஒரு பழைய பல்துலக்கியால்
தட்டித் தட்டி அதை வெளியே எடுக்கிறாள்.
ஒரு வாய்க்கு இரண்டு குவாச்சா.

நான் லுசாக்காவிலிருந்து வந்திருக்கிறேன்,
பதினான்கு பக்கப் படிவங்களோடு.
மூன்று கம்பெனிகள் சேர்ந்து பணம் போட்டிருக்கின்றன,
சந்தையில் யார் பங்கு எவ்வளவு என்று அறிய.

பேருந்து நிலையத்தில் நின்றால்
படிவம் இல்லாமலே தெரியும்.
சிவப்புக் குடை பதினொன்று. மஞ்சள் எட்டு.
பச்சை ஆறு, அதில் ஒன்றுக்குக் கம்பி ஒடிந்திருக்கிறது.
நமாகாவின் குடை மஞ்சள்.
பெட்டிக்கடை சிவப்பு.
பெயின்ட் உதிர்ந்த மூலையில்
போன வருடத்துப் பச்சை எட்டிப் பார்க்கிறது.
"யார் அடித்துக் கொடுத்தால் என்ன,
தகரம் துருப்பிடிக்காமல் இருந்தால் சரி."

முதல் எட்டுக் கேள்விகளும் வழுக்கிக்கொண்டு போயின.
ஒன்பது: உங்களிடம் எத்தனை சிம் உள்ளது?

மீன் விற்கும் முயுண்டா
சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி ஒன்றை எடுத்தார்.
உள்ளே நான்கு சிம், குச்சிகளோடு.
இது இரவு பத்துக்கு மேல் மலிவு.
இது செனங்காவில் மட்டும் எடுக்கும்.
இதில் பணம் வரும்.
நாலாவது?
"கடன் கொடுத்தவர்களுக்குத் தெரிந்த நம்பர்.
போனில் போடுவதே இல்லை."
போன் எங்கே?
தம்பியிடம். தம்பி கலபோவில்,
வெள்ளம் வடிந்தால் வருவான்.

அடுத்து மூன்று பேர் சேர்ந்தே வந்தார்கள்.
இனோங்கே, அவள் ஓரகத்தி, ஓரகத்தி மகன்.
மூவருக்கும் ஒரே போன், ஒரே சிம்.
காலையில் தக்காளி விலை கேட்க இவள்.
மதியம் அவள், தன் கணவனைத் திட்ட.
இரவில் பையன், பாடத்துக்கு என்கிறான்.
யாருடையது என்றேன்.
என்னுடையது என்றார்கள், மூவரும்.
எவர் முகத்திலும் பொய் இல்லை.

படிவத்தில் பின்னம் எழுத இடமில்லை.
ஒரு நான்கு எழுதினேன். மூன்று முறை ஒன்று எழுதினேன்.
நான்கு பேர், ஏழு இணைப்பு.
இருப்பது இரண்டு போன்,
அதில் ஒன்று தண்ணீருக்கு அக்கரையில்.

இதை அங்கே கூட்டுவார்கள்.
நூறு பேருக்கு நூற்று நான்கு என்று வரும்.
சந்தை நிரம்பிவிட்டது என்று
குளிரூட்டிய அறையில் ஒருவர் திரையைத் தொடுவார்.

பன்னிரண்டரைக்குக் கோபுரம் செத்தது.
டீசல் லாரி வழியில் மணலில் புதைந்ததாகப் பேச்சு.
குடைகள் மட்டும் நின்றன,
மூன்று நிறமும் ஒரே மாதிரி உபயோகமில்லாமல்.

நலிஷெபோ ஓடி வந்தாள்.
கணவன் காலையில் அனுப்பியது நூற்றைம்பது;
படகு இரண்டு மணிக்கு.
போனை நீட்டினாள், அதில் ஒரு கோடுகூட இல்லை.
நமாகாவு அவளைப் பார்த்தாள், போனைப் பார்க்கவில்லை.
பால்மாவு டின்னைத் திறந்து எண்ணிக் கொடுத்தாள்.
பிறகு என் மடியிலிருந்து
வெற்றுப் படிவம் ஒன்றை உருவி,
கேட்கவில்லை, உருவி,
பின்பக்கம் எழுதினாள்: நலிஷெபோ, 150.

மூன்று மணிக்குள் பதினோரு பெயர்.
டின்னில் சில்லறை சத்தம் மட்டும்.

நாலு இருபதுக்கு
மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த முப்பது போன்களும்
ஒன்றையொன்று முந்திக்கொண்டு கத்தின.
அவள் ஒவ்வொரு பெயராக அடித்தாள்.
பத்து.
பதினோராவதின் மேல் பேனா கொஞ்சம் நின்றது.
படிவத்தை நாலாக மடித்து டின்னுக்கு அடியில் வைத்தாள்.
"அவன் வெள்ளிக்கிழமைக்காரன்" என்றாள்,
என்னிடமா தன்னிடமா தெரியவில்லை.

இன்று வியாழன். நான் லுசாக்காவில்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் படிவம் எங்கே
என்று மேற்பார்வையாளர் கேட்கிறார்.
காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது.
மணல், என்று எழுதினேன்.